பெட்டகத்துத் தாள்கள் மாரியைத் தாண்டுவதற்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேறெங்கிருந்தோ வந்து வேர்விட்ட சிறு சமூகங்கள் பல இருக்கின்றன. நகரத்துப் பறங்கியர், தோட்டங்களை விட்டு இறங்கி வந்த மலையகக் குடும்பங்கள், அளிக்கம்பையில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், கடை வைக்க வந்து தலைமுறையாகத் தங்கிவிட்ட வணிகர்கள். இவர்களுடைய வரலாற்றைக் கச்சேரிக் கோப்புகளில் தேடினால் பெயரும் இலக்கமும்தான் கிடைக்கும். மிச்சமெல்லாம் வீட்டு றங்குப்பெட்டியிலும் சங்கத்து அலுமாரியிலும் கிடக்கின்றன. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போனவை உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் கரையையே வழித்துக்கொண்டு போனது. இப்போது கையில் இருப்பதை எப்படிக் காப்பது என்பதற்கான செய்முறை இது.

இதில் யூதக் குடியேறிகளின் அனுபவத்தை அடிக்கடி எடுத்துக் காட்டுவோம். காரணம் உண்டு. நாடுவிட்டு நாடு போன அந்தச் சமூகங்களின் தாள்களைப் பார்த்துக்கொள்ள நெடுங்காலமாக எந்த அரசும் இருக்கவில்லை. அவர்களே சேர்த்தார்கள், அவர்களே ஒளித்தார்கள், அவர்களே கடல் கடத்தினார்கள். எந்தப் பெட்டியில் வைத்தது தப்பியது, எதில் வைத்தது அழுகியது என்பது வரை பதிவாகியிருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த விவரந்தான்.

முதலில் எதையும் கழிக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் கை தானாகவே காணி உறுதியையும் கல்யாணப் படத்தையும் ஒரு பக்கம் எடுத்து வைக்கும். பற்றுச்சீட்டையும் கடைக்கணக்கையும் குப்பைக்கு ஒதுக்கும். அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள்.

பழைய கெய்ரோவில், புஸ்தாத் பகுதியிலுள்ள பென் எஸ்ரா செபக்கூடத்தில் ஓர் அறை இருந்தது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பது யூத வழக்கம். அப்படிப்பட்ட பழைய தாள்களைப் போட்டு வைக்கும் அறைக்குக் கெனிசா என்று பெயர். அந்த மக்கள் எழுத்துள்ள தாள் எதையுமே அதற்குள் போட்டுவந்தார்கள். 1896 கடைசியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் சொலமன் ஷெக்டர் அங்கு போய், அடுத்த ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவை மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல். வேதநூல் துண்டுகளோடு கலியாண ஒப்பந்தமும் கடன் சீட்டும் வணிகர் கடிதமும் வந்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவை இன்று நாம் அறிவது அந்தச் சாதாரணக் கடிதங்களால்தான். நம் ஊரிலும் குர்ஆன் தாளைக் காலில் படவிடாமல் எடுத்து வைப்பவரும், பழைய ஏட்டைக் குப்பையில் போட மனம் வராமல் தண்ணீரில் விடுபவரும் இருக்கிறார்கள். அதே பக்தியைச் சில நாட்களுக்குப் பற்றுச்சீட்டுக்கும் காட்டுங்கள். உலர்த்தி, எண்ணிட்டு, படமெடுத்த பிறகு கழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

குறிப்பாகத் தேடவேண்டியது சங்கப் புத்தகம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயோர்க் போன யூதர்கள் ஊர்வாரியாகச் சங்கம் வைத்தார்கள், லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் என்பார்கள். நோய்க்கு உதவி, மையவாடிக்குக் காணி, மாதச் சந்தா. நம்முடைய மரண உதவிச் சங்கம் செய்வதுதான். அந்தச் சங்கங்களின் கூட்ட அறிக்கைகளையும் சந்தா ஏடுகளையும் இன்று ஆய்வாளர் வரிக்கு வரி படிக்கிறார்கள்; யார் எந்த ஆண்டு வந்தார், யாருக்கு வேலை போயிற்று, எந்த வீட்டில் சாவு விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் சங்கச் செயலாளர் மாறும்போது பழைய கொப்பி யார் வீட்டில் நின்றுபோனது என்று போய்க் கேளுங்கள். தச்சுப்பட்டறை, தையற்கடைக் கணக்குப் புத்தகங்களும் அதே வகை. மட்டக்களப்புப் பறங்கியரில் தச்சரும் கொல்லரும் தையற்காரரும் நிறையப் பேர் இருந்ததால், யாருக்கு என்ன செய்து கொடுத்தார்கள் என்ற ஒரு கொப்பி ஊரின் வரைபடமாகவே ஆகிவிடும்.

பெட்டி திறக்கும் நாள்

தொடுவதற்கு முன் மூடியைத் திறந்தபடியே பெட்டியை மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வோர் அடுக்கு எடுத்ததும் ஒரு படம். எந்தத் தாள் எந்தத் தாளோடு கிடந்தது என்பதே ஒரு செய்தி. தேதியில்லாத கடிதம் 1958ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டுக் கட்டுக்குள் இருந்தால், அந்த இருப்பே தேதியை ஊகிக்க வழி தரும். தேதிவாரியாக அடுக்கி அழகுபடுத்தினால் அந்த வழி அடைபட்டுவிடும். கட்டைக் கட்டாகவே வையுங்கள்.

ஒவ்வொரு கட்டுக்கும் எண். தாளில் எழுதுவதானால் 2பி பென்சிலால், பின்பக்கக் கீழ்மூலையில், அழுத்தாமல். பேனை, மார்க்கர், ஒட்டும் லேபல் மூன்றும் கூடாது. படங்களின் பின்புறம் வழுவழுப்பாக இருந்தால் பென்சில் பிடிக்காது. படத்தைத் தாளுறைக்குள் போடுமுன் உறையின் மேல் எழுதிவிடுங்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, பக்கத்துக்கு நெடுக்குக் கோடு போட்டு, எண், என்ன பொருள், தேதி, யார் எழுதியது, யாருக்கு, மொழி, யாரிடமிருந்து வந்தது, நிலை என்று எட்டு நிரல் வையுங்கள். கணினி இருந்தாலும் கொப்பியை விடவேண்டாம். கணினி பழுதாகும் நாளில் கொப்பி இருக்கும். "தெரியாது" என்பதையும் எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் பார்க்க மறந்ததா, பார்த்தும் தெரியவில்லையா என்று பின்னால் வருபவருக்கு விளங்காது.

ஈரம்

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் கொடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமக்குக் காகிதத்தின் முதல் எதிரி ஈரக்காற்று. காற்றின் சார் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். மாரிகாலத்தில் இங்கு அது 80ஐ எளிதாகத் தாண்டுகிறது. கெய்ரோத் துண்டுகள் ஆயிரம் ஆண்டு தாங்கியதற்கு அந்நாட்டின் வறட்சி பெரிய காரணம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால் வறட்சியை நாமே உண்டாக்க வேண்டும்.

டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்குங்கள்; சிறியது, விலை குறைந்தது போதும். வீட்டில் மூன்று இடத்தில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடு அறையின் உட்சுவர்ப் பக்கந்தான் நல்ல இடமாக அமையும். தகரக் கூரைக்குக் கீழுள்ள பரண் வேண்டாம். பகலில் கொதித்து இரவில் குளிரும்போது நீர் வேர்க்கும். குசினிச் சுவரும் குளியலறைச் சுவரும் கூடாது. வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்து குறைந்தது ஓரடி உயரத்தில் தட்டு வையுங்கள். வெள்ளம் வரும் ஒழுங்கையென்றால் கடந்த வெள்ளத்தின் அடையாளத்துக்கு மேலே. குளிரூட்டி உள்ள அறையில் வைத்தால், இரவு பகல் ஓடினால் மட்டுமே நன்மை. பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் அறை ஏறி இறங்கி, ஓடாததை விடக் கெடுதலாகும்.

அடுத்தது, உலர்த்தாமல் மூடக்கூடாது. 2003 மே மாதம் பக்தாத்தில், உளவுத்துறைக் கட்டடத்தின் தண்ணீர் நிறைந்த நிலவறைக்குள் ஈராக்கிய யூதச் சமூகத்தின் 2,700க்கு மேற்பட்ட நூல்களும் பல்லாயிரம் தாள்களும் கிடைத்தன. எடுத்தவர்கள் அரைகுறையாக உலர்த்தி 27 உலோகப் பெட்டிகளில் அடைத்தார்கள். அந்த வெக்கையில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டது. பிறகு குளிரூட்டி லொறி தேடி உறையவைத்துத்தான் அதை நிறுத்த முடிந்தது. நல்ல பெட்டியில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும் தவறு நம் வீடுகளிலும் அடிக்கடி நடக்கிறது.

உலர்த்த ஏற்ற காலம் ஆனி, ஆடி. கச்சான் காற்று வீசும் நாட்களில், காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், விறாந்தையில் வெயில் நேரே படாத இடத்தில் பாய் விரித்து, மேலே துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்திச் சீலை போட்டு, தாள்களைக் கட்டுக் கட்டாகப் பரப்புங்கள். புத்தகமென்றால் நிமிர்த்தி, விசிறிபோலச் சற்று விரித்து நிறுத்துங்கள். காற்று பறக்கடிக்காமலிருக்கச் சுத்தமான கூழாங்கல் வைக்கலாம். மூன்று மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால் பகலில் போன ஈரம் திரும்பி வரும். மூன்று, நான்கு நாள் இப்படிச் செய்யுங்கள். வெயிலில் நேரே காயவைத்தால் மை வெளுக்கும், தாள் முறுகும்.

பிறகு பெட்டி. இறப்பர் வளையமும் இறுக்கும் கொளுக்கியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி, 50 லீற்றர் அளவு. அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். 3 இருந்தால் அது பீ.வீ.சி., விட்டுவிடுங்கள். பீ.வீ.சி. அமிலம் கக்கும், போட்டோக் கொப்பி எழுத்தைத் தன்னில் ஒட்டிக்கொள்ளும். கடையில் கோப்புக்குள் போட விற்கும் மணக்கும் உறைகளில் பல அந்த வகையே.

பெட்டிக்குள் 500 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி, தாளைத் தொடாமல் மேல்மூலையில். செம்மஞ்சள் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகை நல்லது. நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. ஜெல்லின் வேலையைத் தவறாக எண்ணாதீர்கள். 15 கிலோ காகிதம் மாரிகாலத்தில் ஏறத்தாழ அரை லீற்றர் தண்ணீரைக் கூடுதலாகத் தன்னுள் வைத்திருக்கும். 500 கிராம் ஜெல் இழுப்பது அதில் 100, 125 கிராம்தான். ஈரத் தாளை ஜெல் காயவைக்காது. காய்ந்த தாளைக் காய்ந்தபடி வைத்திருக்கும். நிறம் மாறியதும் மின்சார அவனில் 110 முதல் 120 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணிநேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். ஈரமானியையும் உள்ளே வையுங்கள். 45க்கும் 60க்கும் இடையில் நின்றால் நன்று. 40க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். பழைய தாள் நொறுங்கத் தொடங்கும். ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடுபவர்கள் உண்டு. அது பூச்சிக்கு விருந்து.

பழைய றங்குப்பெட்டியைத்தான் வைத்திருக்க வேண்டுமென்றால் அதை வெளிப்பெட்டியாக வையுங்கள். தகரம் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. இரண்டாம் உலகப் போரில் நாசிகள் யூதரை அடைத்துவைத்த வார்சோச் சேரிக்குள் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்புளூமும் கூட்டாளிகளும் சேர்த்துப் புதைத்த ஆவணங்களில், 1946இல் தோண்டியெடுத்த தகரப்பெட்டிகளுக்குள் நீர் புகுந்திருந்தது. 1950இல் கிடைத்த இரண்டு பால் கேன்களில் இருந்தவை நல்ல நிலையில் இருந்தன. இரண்டும் இருந்தது மண்ணுக்கடியில். வாய் எவ்வளவு இறுக்கமாக மூடியது என்பதில்தான் வித்தியாசம்.

ஊசி, நாடா, லமினேற்

குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, கிளிப் எல்லாம் இந்த உப்புக்காற்றில் துருவாகி, துளையைச் சுற்றித் தாளைத் தின்னும். ஸ்டேப்ளர் கம்பியைக் கொளுக்கியால் இழுக்காதீர்கள். தாளைக் கவிழ்த்து வைத்து, மெல்லிய தட்டைக் கத்தியால் இரண்டு காலையும் நிமிர்த்தி, பிறகு முன்பக்கம் திருப்பி மெதுவாகத் தூக்குங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கிழிப்பதை விடத் துரு இருப்பது மேல். சேர்ந்திருந்த தாள்களை ஓர் ஏ4 தாளை மடித்து அதற்குள் வையுங்கள். இன்றைய 80 கிராம் அலுவலகத் தாள்களில் பெரும்பாலானவை அமிலமற்றவை என்பதால் உறையாகப் பயன்படுத்தலாம். செய்தித்தாள் கூடவே கூடாது. அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கும்.

றப்பர் பட்டி உருகி ஒட்டும். அகலமான பருத்தி நாடா கட்டுங்கள். செலோ டேப்பின் பசை சில ஆண்டில் பழுப்பாகித் தாளுக்குள் ஊறும், பிறகு எடுக்க வழியில்லை. கிழிந்த தாளைக் கிழிந்தபடியே உறைக்குள் வைப்பது ஒட்டுவதை விட நல்லது. லமினேற் செய்யாதீர்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் அன்போடு செய்யப்படும் கேடு இது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் காப்பதாக எண்ணிச் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளேயிருக்கும் அமிலம் உள்ளேயே நின்று தின்னும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

வெளிறும் தாள்களை முதலில் படமெடுங்கள்: கடைப் பற்றுச்சீட்டு, பழைய பெக்ஸ் தாள். சூட்டில் அச்சாகும் அந்த எழுத்து சில ஆண்டுதான் நிற்கும்.

பூச்சி

இராமபாணம், வாலன் பூச்சி, கரப்பான், கறையான். தாளில் வட்டத்துளையும் மாவுபோன்ற தூளும் இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்தக் கட்டைப் பெரிய சிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பையில் போட்டு, மைனஸ் 18 பாகைக்குப் போகும் ஆழ் குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். மீன் வைக்கும் பெட்டியென்றால் இரண்டு பை கட்டாயம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் படியும். கண்ணாடித் தகட்டுப் படங்களை இப்படிச் செய்யக்கூடாது.

பூச்சி உருண்டை என்னும் நப்தலீன் மூச்சுக்குக் கேடு, பிளாஸ்டிக்கை இளக்கும், முட்டையைக் கொல்லாது. வேப்பிலை, நொச்சி, வசம்பு வைப்பது நம் பழக்கம். வைக்கலாம், ஆனால் சருகாகக் காய்ந்தபின், துணிப்பையில் கட்டி, தாளைத் தொடாமல். பச்சை இலையை ஏட்டுக்குள் செருகினால் ஈரமும் கறையும்தான் மிச்சம். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது ஓலைச்சுவடிக்கு உரியது, காகிதத்துக்கு அல்ல.

கறையானுக்கு மருந்தை விடத் தூரமே நல்ல காவல். தட்டின் நாலு காலும் சுவரைத் தொடாமல் இருந்து, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால், ஏறும் மண்கோட்டை மாதம் ஒருமுறை பார்த்துக் கலைத்துவிடலாம்.

வெள்ளம் புகுந்துவிட்டால்

கையில் இருப்பது 48 மணிநேரம். அதற்குப் பிறகு பூஞ்சணம். முதலில் எல்லாவற்றையும் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டிய தாள்களை உரிக்காதீர்கள். ஈரத்தாளுக்குத் தன் எடையைத் தாங்கும் பலமே இருக்காது. அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டைச் செருகித் தூக்குங்கள்.

சேறோ உப்போ இருந்தால் அகன்ற பேசினில் நல்ல தண்ணீர் எடுத்து, புத்தகத்தை மூடியபடியே இரண்டு மூன்று முறை அமிழ்த்தி எடுங்கள். உப்பு தாளில் நின்றால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாளும் காயாது. ஆனால் ஊற்றுப்பேனை மையும் ஊதா நிறக் கொப்பிப் பென்சிலும் தண்ணீரில் கரையும். எழுத்தின் ஓரப் புள்ளி ஒன்றில் ஈரமான வெள்ளைத் தாள் துண்டை அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் கழுவ வேண்டாம். பழைய பழுப்பு மையையும் கழுவாதீர்கள். அதிலுள்ள இரும்பும் அமிலமும் ஈரத்தில் பரவித் தாளை அரிக்கும்.

பத்து இருபது பக்கத்துக்கு ஒருமுறை உறிஞ்சும் வெள்ளைத் தாள் வைத்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றுங்கள். மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி அறைக்காற்றை அசையவிடுங்கள். தாள்மேல் நேரே அடிக்க வேண்டாம். பளபளப்புத் தாள் இதழ்கள் காயும்போது கல்லாக ஒட்டிவிடும், ஆகவே அவற்றுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் தாள் செருக வேண்டும். இவ்வளவையும் இரண்டு நாளில் முடிக்க ஆள் இல்லையென்றால், பையில் போட்டு உறையவையுங்கள். பக்தாத் ஆவணங்களுக்குச் செய்த அதே வைத்தியந்தான். உறைந்த தாளுக்கு அவசரமில்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.

நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாகப் பிரியும். முகம் மேலே பார்க்க உலர்த்துங்கள். முகத்தைத் துடைக்கக் கூடாது, படமே வழிந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த பழைய கட்டென்றால் முழுக்கக் காய்ந்தபிறகே தொடுங்கள். வெளியில், காற்று உங்களிடமிருந்து அப்பால் போகும் திசையில் நின்று, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, மென்தூரிகையால் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவரும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. டெட்டோல், குளோரின், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

பேர் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே

பேரில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் அட்டை. ஆகவே தாளைத் துடைக்கும் வேலையை ஒரு மாதம் தள்ளிப்போட நேர்ந்தாலும் மூத்தவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டுக் கொடுங்கள். "இது யார்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தாமல் "எந்த வீட்டு முற்றம்? யார் தைத்த உடுப்பு? படம் பிடித்தவர் யார்?" என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். போனில் ஒலிப்பதிவு செய்வதானால் சுருக்காத வேவ் வடிவம், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். ஒரு மணிநேரம் ஏறத்தாழ ஒரு ஜீபி. மின்விசிறியை நிறுத்துங்கள்.

மொழி மாறிப்போகும் வீடுகளில் இது இரட்டிப்பு அவசரம். கொச்சி யூதர்கள் 1950களில் பெரும்பாலும் இஸ்ரவேலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெண்கள் கலியாண வீட்டில் பாடிய மலையாளப் பாட்டுகள் இன்றும் கிடைப்பது, பெண்கள் கையால் எழுதிக் கொண்டுபோன கொப்பிகளாலும், பாடத் தெரிந்த கிழவிகளிடம் பிறகு எடுத்த ஒலிப்பதிவுகளாலும். மறுபக்கம், அமெரிக்காவில் பேரப்பிள்ளைகளுக்குக் கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷ் வாசிக்கத் தெரியாததால் பாட்டன்மாரின் நூல்கள் குப்பைக்குப் போயின. 1980இல் ஆரன் லான்ஸ்கி என்ற இளைஞர் வீடுவீடாகப் போய் வாங்கத் தொடங்கியபின்தான் அந்தப் போக்குத் திரும்பியது. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழிக்கும் அளிக்கம்பைத் தெலுங்குக்கும் எழுத்துக் கொப்பிகள் குறைவு. எனவே பறங்கியர் ஆடிப்பாடும் கஃப்ரிஞ்ஞாப் பாட்டின் சொற்களைத் தமிழ் எழுத்திலாவது எழுதி, பாடுபவர் குரலோடு சேர்த்து வையுங்கள்.

படமெடுத்தல்

ஸ்கேனர் இருந்தால் தாளுக்கு 300, படத்துக்கு 600, நெகட்டிவுக்கு 2,400 டீ.பீ.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி). நொறுங்கும் தாளையும் தைத்த புத்தகத்தையும் ஸ்கேனரில் அழுத்தாதீர்கள், போன் போதும். 12 மெகாபிக்சல் கமெரா ஒரு படத்தில் 4,000 புள்ளி நீளம் தரும். பழைய பூல்ஸ்காப் தாள் 13 அங்குலம், ஆகவே அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கிறது. தாள் சட்டகத்தை நிறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனை முக்காலியில் நேர் கீழ்நோக்கிப் பூட்டி, கறுப்புத் துணிமேல் தாளை வைத்து, பக்கத்தில் அளவுகோல் ஒன்றும் எண் சீட்டு ஒன்றும் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரேவகை விளக்கு, அல்லது வெயில் படாத விறாந்தையின் காலை வெளிச்சம். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்புப் பெயரில் எண்ணும் கோடும் மட்டும் இருக்கட்டும்: 05-02-017-003 என்றால் 5ஆம் குடும்பம், 2ஆம் பெட்டி, 17ஆம் ஆவணம், 3ஆம் பக்கம்.

சுருக்காத டிஃப் (TIFF) வடிவில் ஏ4 பக்கம் ஒன்று 26 எம்பி அளவு வரும். ஆயிரம் பக்கம் 26 ஜீபி. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று வீட்டு வன்தட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று கரையோரத்துக்கு வெளியே கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம். மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் ஒரே அலைக்கு மூன்றும் போகும். பென்டிரைவ் எடுத்துச் செல்லத்தான், வைத்திருக்க அல்ல. வன்தட்டை ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

யாருடையது, யாரிடம் கொடுப்பது

மூலத்தாள் குடும்பத்திடமே இருக்கட்டும். பிரதி வெளியே போகட்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு. காணி உறுதியின் மூலம் வழக்குக்கு வேண்டியது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஞானஸ்நானப் பதிவேடு கோயிற்பற்றுக்குச் சொந்தம். பங்குத்தந்தையின் எழுத்து அனுமதி இல்லாமல் படமெடுக்க வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் நோய், கடன், கைது, காணாமற்போனோர் விவரம் உள்ள தாள்களை எண்ணிட்டுக் காத்து வையுங்கள், ஆனால் இணையத்தில் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலாக, நம்பித் திறந்து காட்டிய வீட்டின் மானம் இருக்கிறது.

பிரதிகளைப் பொதுவில் வைக்க 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற இணைய மின்னூலகம் நல்ல இடம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்குள்ள நூலகர்களோடும் பேசிப் பாருங்கள். மூலத்தையே ஒப்படைக்க விரும்பினால் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத் திணைக்களம் இருக்கிறது. எங்கு கொடுத்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: எத்தனை ஆவணம், மூலமா பிரதியா, யார் பார்க்கலாம், எந்த ஆண்டு வரை மூடி வைக்கவேண்டும், திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள். இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இதைச் செய்ய ஐந்து பேர் போதும். 1925இல் வில்னா நகரில் தொடங்கிய, இத்திஷ் மொழியையும் யூதர் வாழ்வையும் ஆராயும் யீவோ ஆய்வகம், சாம்லர் என்ற தொண்டர்களை ஊர் ஊராக வைத்திருந்தது. அவர்களில் பலர் படிப்பாளிகள் அல்லர். கடிதமும் சுவரொட்டியும் பழமொழியும் சேர்த்து அனுப்பினார்கள். உங்கள் ஐவரில் ஒருவர் எழுத்து அழகானவர், ஒருவர் போன் பிடிக்கத் தெரிந்தவர், ஒருவர் எல்லா வீட்டுக்கும் உரிமையோடு போகக்கூடியவர் என்று அமைந்தால் வேலை ஓடும்.

பெட்டிகளை ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கவேண்டும். ஆடியில் ஒருமுறை விரித்துக் காற்றாட விட்டு, ஜெல்லைச் சூடாக்கிப் போட. ஐப்பசியில் வாடைமழை தொடங்குமுன் ஒருமுறை, பூச்சி பார்த்து இறுக்கி மூட. திறந்த தேதி, ஈரமானி காட்டிய எண், பார்த்தவர் பெயர் மூன்றையும் பதிவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.